நேற்று மழை இல்லை

அத்தியாயம் பதினொன்று

கடைசியில், புதன்கிழமை விடியற்காலையில் மழை வந்தது.

தகரத்தில் முதல் துளிகள் விழுந்ததுமே அழகமுத்து பாயில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். கதவைத் திறந்து கையை வெளியே நீட்டிப் பார்த்தார். சந்தேகமே இல்லை. நனைந்த கையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் அடுப்படிக்கு ஓடினார்.

“வெள்ளையம்மா, மழ! நல்ல மழ! புள்ளய எழுப்பு. இன்னிக்கு கேகால போறோம்.”

எழுப்ப வேண்டியிருக்கவில்லை. சுதர்ஷினி விழித்துத்தான் கிடந்தாள். எத்தனையோ நாளாக இந்தச் சத்தத்துக்காகவே காதைத் தீட்டி வைத்துக்கொண்டு படுத்தவள், அது வந்தபோது போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். இந்த மழைக்கு நேற்று வந்தால் என்ன கேடு என்று நினைத்தாள்.

ருவான்வெல்லைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களைத் தெரியாதவர்களுக்கு இந்த மழைக் கூத்து விளங்காது. சொல்லிவிடுகிறேன். பட்டை நனைந்திருந்தால் மரத்தில் பால் வெட்ட முடியாது. பால் சிரட்டைக்குப் போகாமல் கண்டபடி வழிந்து வீணாகும். அதனால் விடியலில் மரம் நனைந்தால் அன்றைக்கு வேலையில்லை. பெண் பார்க்கப் போவது, பல் பிடுங்கப் போவது, சீட்டுக்காரியோடு சண்டைக்குப் போவது எல்லாம் மழை நாளில்தான். வெயில் நாளில் ஒருவர் வேலைக்குப் போகாமல் வீட்டில் நின்றால், அந்த வீட்டில் சாவு என்று அர்த்தம். வேறு காரணம் கிடையாது. இது யாரும் எழுதி வைத்த சட்டமில்லை. ஆனால் தோட்ட நிர்வாகியான துரை போட்ட சட்டங்களைவிட இதற்குத்தான் லயத்து வரிசை வீடுகளில் மரியாதை.

சுதர்ஷினியின் கல்லூரிக்கும் அப்படித்தான் மழை நாள் பார்க்கப்பட்டது.

கல்லூரியைத் தேர்ந்தவன் அண்ணன் கஜேந்திரன். கொழும்பில் ஹார்ட்வெயார் கடையில் நிற்கிறான். கடைக்கு எதிரே கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று. கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு அதற்குள் போய்வரும் பெண்களைப் பார்த்துப் பார்த்துத்தான் அவனுக்கு இந்த ஆசை பிடித்தது. ‘கொழும்புல நெறைய காலேஜ் இருக்கு. அது நமக்கு எட்டாது. நம்ம டவுன்லயும் ஒன்னு இருக்கு. அது காலேஜே இல்ல. கேகாலைதான் தங்கச்சி நமக்கு சரி’ என்று போனில் அறுத்து முறித்துச் சொல்லிவிட்டான்.

கேகாலைக் கல்லூரியில் இரண்டு வருடம் மென்பொருள் படிப்பு. தேறினால் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வழி. அதிலே தோட்டத்துப் பிள்ளைகளுக்கென்று சில இடங்கள், கட்டணமில்லாமல். சுதர்ஷினி படித்த பாடசாலையில் கணிதப் பிரிவே கிடையாது. வேறு வழியில்லாமல் வர்த்தகம் படித்து, பல்கலைக்கழகத்தை மயிரிழையில் தவறவிட்டவள். அவள் போட்ட விண்ணப்பத்துக்கு வரச்சொல்லி ஆளனுப்பாத குறைதான். ஒரே ஒரு நிபந்தனை, தாயோ தகப்பனோ கூட வந்து கையெழுத்துப் போடவேண்டும். எந்த வேலை நாளிலும் வரலாம். செவ்வாய்க்கிழமைதான் கடைசி.

பங்குனி மழை பொல்லாதது. பின்னேரம் இடியும் மின்னலுமாகக் கொட்டிவிட்டு, விடிவதற்குள் மரத்தைக் காயவிட்டுப் போய்விடும். நாளைக்கு அடிக்கும், நாளைக்கு அடிக்கும் என்று சொல்லிச் சொல்லியே வேலை நாள்கள் எல்லாம் ஓடின.

செவ்வாய்க்கிழமை காலையில் சுதர்ஷினி தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள். வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. அழகமுத்து அவளைப் பார்த்தார். ஆணியில் தொங்கிய பால் கத்தியைப் பார்த்தார்.

“நாளைக்கு நிச்சயம் வரும்மா” என்றார்.

கத்தியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். இன்றைக்குத்தான் கடைசி என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்று அவளுக்கும் தெரியும். ‘அப்பா, இன்னிக்கு ஒரு நாள் நில்லுங்க’ என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பிறந்த நாளிலிருந்து அந்த லயத்தில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை, பாவம்.

இப்போது மழை வந்திருக்கிறது. அழகமுத்து சவரம் செய்து, கல்யாணத்துக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறார்.

“ஒரு நாளுதானே. நம்ம நெலமய எடுத்துச் சொன்னா மனுசங்க கேக்க மாட்டாங்களா?” என்றார்.

“கேப்பாங்கப்பா” என்றாள் சுதர்ஷினி.

அவள் நம்பவில்லை. ஆனால் அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு வேறு எதைச் சொல்வது?

*

மழை நாள் பஸ்ஸில் பாதித் தோட்டம் இருந்தது. முன் சீட்டில் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி. வாய்க்குப் பூட்டில்லாதவள்.

“எடம் விடுங்க, எடம் விடுங்க! இஞ்சினியரம்மா வாறாங்க” என்று சத்தம் போட்டு, மடியிலிருந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். “ஏன் மாமா, அது என்னா இஞ்சினியர்? பாலம் கட்டுறதா, மெசின் ஓட்டுறதா?”

“ரெண்டுமில்ல” என்றார் அழகமுத்து பெருமையாக. “கம்ப்யூட்டருக்கு என்னா வேல செய்யணும்னு எழுதிக் குடுக்கிறது. அது அப்படியே செய்யும்.”

“அப்ப கங்காணி வேலன்னு சொல்லுங்க!”

பஸ்ஸே சிரித்தது. அழகமுத்துவும் சிரித்தார். சுதர்ஷினிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

கேகாலைக் கல்லூரி வாசலில் அழகமுத்து செருப்பைக் கழற்றப் போனார். “இங்க கழட்ட தேவல்லப்பா” என்று அவள் காதோடு சொல்ல வேண்டியிருந்தது.

உள்ளே மேசையிலிருந்த சிங்களப் பெண் சான்றிதழ்களைப் புரட்டிவிட்டு முகத்தைச் சுருக்கினாள்.

“அனே அங்கிள், ஈயே தமா அந்திம தவச.”

நேற்றுதான் கடைசி நாளாம். அழகமுத்து விடவில்லை. அவருக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. கல்லூரித் தலைவரான பெரிய மாத்தயாவை ஒரு தடவை பார்க்கவேண்டும், ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினார். அந்தப் பெண் நல்ல மனசுக்காரி. உள்ளே போய்ச் சொன்னாள்.

பெரிய மாத்தயா தமிழ் பேசுகிறவராக இருந்தார். மாவனெல்லைக்காரர், நுஹ்மான் சேர். சுதர்ஷினியின் பெயரைக் கேட்டதும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நீங்கதானா அந்தப் புள்ள? இரிங்க, இரிங்க. பரீட்சைப் பெறுபேற்றப் பாத்துட்டு உங்கட எடத்த நான் யாருக்கும் குடுக்காம வெச்சிருந்த. நேத்து அஸர் தொழுதுட்டு வந்தும் வாசலப் பாத்துட்டுத்தான் இருந்த. பூட்டுற நேரம் வரக்குள்ள அடுத்த புள்ளக்கிக் குடுத்துட்டம். ஏன் நேத்து வரல்ல?”

அழகமுத்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கேள்விக்குள்ள பதிலை அப்படியே சொன்னார்.

“நேத்து மழ இல்லீங்க சேர்.”

நுஹ்மான் சேருக்கு விளங்கவில்லை. சுதர்ஷினியைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள்.

“மழ இல்லாட்டி வர லேசிதானே?”

“இல்லீங்க சேர். மழ இல்லாட்டி மரம் காஞ்சிருக்கும். மரம் காஞ்சா பால் வெட்டப் போவணும். மழ பேஞ்சாத்தான் எங்களுக்கு லீவு. இத்தன நாளா மழ வரும் வரும்னு பாத்துக்கிட்டே இருந்தோம். வரல்லீங்க. இன்னிக்குத்தான் வந்திச்சு. மழ வந்த ஒடனே பொறப்பட்டு வந்துட்டோம். ஒரு நிமிசம் சொணங்கல.”

சொல்லி முடித்தபோதுதான் தான் சொன்னது இந்த அறையில் எப்படிக் கேட்கிறது என்று அழகமுத்துவுக்குத் தெரிந்தது. லயத்தில் இதைச் சொன்னால் குழந்தைகூடத் தலையாட்டும். இங்கே அது பைத்தியக்காரன் பேச்சாக இருந்தது. அவர் முகம் கறுத்துப்போனது.

“ஒரு நாள் லீவு கேக்க ஏலாதா?” என்றார் நுஹ்மான் சேர், மெதுவாக.

அழகமுத்து யோசித்தார். உண்மையாகவே யோசித்தார். துரை இல்லையென்று சொல்லியிருப்பாரா? மாட்டார். வேலைக்கு ஆள் போடுகிற கணக்கப்பிள்ளை முணுமுணுத்துவிட்டு விட்டிருப்பார். பிறகு ஏன் கேட்கவில்லை?

“கேட்டதில்லீங்க சேர்” என்றார்.

அடுத்த வருடம் வரலாமா என்று சுதர்ஷினிதான் கேட்டாள். தோட்டப் பிள்ளைகளுக்கான இடங்களை வெளிநாட்டு நிறுவனம் ஒன்று கொடுத்தது, அது இந்த வருடத்தோடு சரி என்றார் அவர். கட்டணம் செலுத்தியும் படிக்கலாம் என்று தொடங்கியவர், அழகமுத்துவின் தேய்ந்த செருப்பைப் பார்த்துவிட்டு அந்தப் பேச்சை முடிக்காமலே விட்டார். வாசல்வரை கூட வந்தார். அவர் கோபித்து விரட்டியிருந்தாலாவது தேவலை என்று சுதர்ஷினிக்கு இருந்தது. கோபித்தவரைத் திட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். இவரை என்ன சொல்லித் திட்டுவது?

வெளியே வெயில் எரித்தது. மழை எப்போதோ விட்டிருந்தது.

*

தகப்பனும் மகளும் ருவான்வெல்லையில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். கபூர் நானாவின் கொமியூனிகேஷன் கடைக்குப் பின்னேரம் கஜேந்திரன் போன் எடுப்பதாக ஏற்பாடு. அதற்கு இன்னும் நேரமிருந்தது.

கடைக்கு மேல்மாடியில்தான் அந்தப் பலகை. ‘கம்ப்யூட்டர் காலேஜ்’ என்று மூன்று மொழியிலும் பெரிதாக எழுதியிருந்தது. ‘அது காலேஜே இல்ல’ என்று கஜேந்திரன் ஒதுக்கிய அதே இடம். அழகமுத்து அண்ணாந்து பார்த்தார். அவர் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது.

“சுதா, இதுவும் கம்ப்யூட்டர்தானேம்மா?”

அவள் பதில் சொல்வதற்குள் படியேறிவிட்டார். மேலே ஒரே அறை. துணி போர்த்திய கம்ப்யூட்டர்கள் வரிசையாக இருந்தன. சொல்லிக்கொடுக்கிற பெண் சுறுசுறுப்பானவள். ஒரு துணியை நீக்கி, சுதர்ஷினியின் பெயரைத் தட்டி, அதற்குச் சிவப்பு நிறம் போட்டு, சுற்றிப் பூக்கள் வைத்துக் காட்டினாள். அழகமுத்து குனிந்து திரையில் மகளின் பெயரைப் பார்த்தார்.

“எப்ப சேரலாம்?”

“நாளைக்கே சேரலாம் அங்கிள். இங்க கடைசி நாளெல்லாம் இல்ல.”

“பாத்தியா!” என்றார் மகளிடம். “கடேசி நாளே இல்லியாம். மழ வாற அன்னிக்கு வரலாம்.”

“வேணாம்பா.”

“ஏன் வேணாங்கிற?”

“அது வேற, இது வேறப்பா.”

“அதான் என்னா வேறங்கிறேன். எனக்கு வெளங்குற மாதிரி சொல்லு.”

“யாரோ எழுதி வச்சத எப்படி பாவிக்கிறதுன்னு இங்க சொல்லிக் குடுப்பாங்க. அங்க போயிருந்தா எழுதுறதே நாமதான். இதப் படிச்சா கடையில டைப் அடிக்கலாம்பா. அவ்வளவுதான்.” அப்பாவின் கையைப் பிடித்துப் படிப்பக்கம் திருப்பினாள். “அவ்வளவுதான்பா.”

அழகமுத்துவுக்கு இது விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம். கம்ப்யூட்டருக்கு வேலை எழுதிக் கொடுக்கிறது என்று காலையில் பஸ்ஸில் சிரித்துச் சிரித்துச் சொன்னவர் அவர்தானே. இங்கே அது இல்லை. சொல்லிக்கொடுக்கிற பெண்ணைக் கும்பிட்டுவிட்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துப் படியிறங்கினார்.

போன் வந்தபோது கபூர் நானா ரிசீவரை அவரிடம்தான் நீட்டினார். “மகன்.” அழகமுத்து வாங்கினார். “அப்பா, கெடச்சிதா?” என்று கஜேந்திரன் கத்தியது வெளியே நின்ற சுதர்ஷினிக்கே கேட்டது. அழகமுத்து ரிசீவரை மகள் கையில் கொடுத்துவிட்டு ரோட்டுக்கு இறங்கிப்போய் நின்றார்.

“அண்ணே, கெடைக்கல.”

“ஏன்? என்னா கொற?”

“நேத்தோட முடிஞ்சிச்சாம்.”

“நேத்து ஏன் போகல்ல?”

சுதர்ஷினி ரோட்டில் நின்ற அப்பாவைப் பார்த்தாள். அவள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவனும் அதே லயத்தில் பிறந்தவன்.

“மழ இல்ல” என்றான் அவனே.

“ம்.”

“கேக்க வாயில்லியாடி ஒங்களுக்கு? ஒரு நாள், ஒரே ஒரு நாள்...” அவன் அழுகிறானோ என்று அவளுக்குச் சந்தேகமாக இருந்தது. பிறகு குரலை இறக்கினான். “சரி, கேளு. நாளைக்கு காலையில நா வாறேன். ஒரு விசயம் இருக்கு. போன்ல பேசுற விசயமில்ல. நா வாற வரைக்கும் நீ எதுக்கும் தலையாட்டாத. அப்பாகிட்டயும் சொல்லாத. வெளங்குதா?”

“ம்” என்றாள்.

என்ன விசயம் என்று கேட்கக்கூட இல்லை. அண்ணன் ஆசைப்பட்டுச் சொல்லும் எந்தக் கதையையும் இனி நம்புவதற்கு அவளிடம் தெம்பில்லை.

*

தோட்டத்துக்கு ஏறும் பாதையில் கணக்கப்பிள்ளை எதிரே வந்தார். கையில் குடை, அதுவும் மடக்கியபடி.

“எங்க அழகமுத்து, சோடிச்சிக்கிட்டு? மழ விட்டு வெயில் வந்திருச்சில்ல, வழக்கமில்லாட்டியும் துரை சொல்லி, மரம் காஞ்ச ஒடனே வெட்டப் போட்டோம். எல்லாரையும் கூப்பிட்டு விட்டேன், ஒங்க வீட்டுல சம்சாரந்தான் வந்திச்சு. ஒங்க மரம் வெட்டாம கெடக்கு.”

வாழ்நாளில் முதல் தடவையாக அழகமுத்து ஒரு வேலை நாளைத் தவறவிட்டிருந்தார், தவறவிடுகிறோம் என்று தெரியாமலே. இப்படி ஒரு நாள் போய்விடக்கூடாதென்றுதான் நேற்று மகளின் இடத்தையே தவறவிட்டார்.

“நீங்களும் முந்தி மாதிரி இல்ல” என்றார் கணக்கப்பிள்ளை. கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. “மகள் சும்மாதானே இருக்கு. புதுசா ஆள் எடுக்கிறோம். பேர் குடுக்கச் சொல்லுங்க. படிச்ச புள்ள, கைக்காசாச்சும் பாக்கும்.”

“அதெல்லாம் சரிவராதுங்க ஐயா” என்று அழகமுத்து வேகமாகச் சொல்லிவிட்டு நடந்தார். சுதர்ஷினி கணக்கப்பிள்ளையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் பின்னால் வந்தாள்.

*

வியாழக்கிழமை மழை இல்லை.

வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்கு ஆட்கள் ஏறிப்போகும் பேச்சுச் சத்தம் கேட்டது. வெள்ளையம்மா தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வாளியோடு வெளியே வந்தாள். புருஷன் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வேலைச் சட்டையில் இல்லை. நேற்றுப் போட்ட அதே கல்யாணச் சட்டை.

“என்னங்க, நேரமாச்சு.”

“நா இன்னிக்கு போகல.”

“ஒடம்புக்கு முடியலியா?”

“ஒடம்புக்கு ஒன்னுமில்ல.”

“வெயிலடிக்குதுங்க!” என்றாள் பயந்துபோய்.

“அடிக்கட்டும். முந்தாநாள் நிக்க வேண்டியத இன்னிக்கு நிக்கிறேன்.” அவர் முடிவோடு பேசினார். “திரும்ப கேகால போறேன். அந்த சேர் நல்ல மனுசன். கால்ல விழுறேன். வெயில் நாள்ல வேலய விட்டுட்டு வந்திருக்கேன்னு சொல்லுவேன். இப்பதான் அவருக்கு மழ கதை தெரியுமே, வெளங்கிக்குவாரு. ஒரு மூலையில புள்ள உக்கார ஒரு கதிர போட முடியாதா? நீ போயி சுதாவ எழுப்பு.”

வெள்ளையம்மா உள்ளே போனாள். போனவள் வெகுநேரம் வரவில்லை. அழகமுத்து எழுந்து போய்ப் பார்த்தார்.

சுதர்ஷினியின் பாய் சுருட்டிச் சுவரோரம் வைத்திருந்தது. சான்றிதழ்கள் வைத்த பை பெட்டியின் மேல் இருந்தது. பின்கதவு திறந்து கிடந்தது. வெள்ளையம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஆணியில் கத்தி இல்லை.

வாசலில் கலைச்செல்வியின் குரல் கேட்டது. வாளியும் கையுமாகப் பெரட்டுக்குப் போகிறவள், சட்டையை மாற்றிக்கொண்டு நிற்கிற அழகமுத்துவைக் கண்டு திகைத்து நின்றுவிட்டாள். காலை நேரத்தில் அப்படிக் கண்டால் லயத்தில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். அவள் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

“மாமா, யாரு செத்தது?”

அழகமுத்து வாசலுக்கு வந்தார். அவளைத் தாண்டி, மேட்டுப் பாதையில் ஏறிப்போகிற பெண்களின் தலைகளுக்குள் மகளின் தலையைத் தேடிக்கொண்டு நின்றார்.